யமடா தைச்சி: வீடும் வெள்ளமும்

நாவலையும் தொலைக்காட்சி நாடகத்தையும் ஒருங்கே கையாண்ட யப்பானிய எழுத்தாளருள் யமடா தைச்சி (1934–2023) தனித்து நோக்கத்தக்கவர். தோக்கியோவின் அசக்குசாவிற் பிறந்து வசேடாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இவர், 1958இல் ஷொச்சிக்கு திரைப்பட நிறுவனத்திற் சேர்ந்து இயக்குநர் கினோஷித்தா கெய்சுக்கேயிடம் உதவியாளராயிருந்தார். 1965இல் விலகி எழுத்தையே தொழிலாகக் கொண்டார். திரைப்படத்தின் இரசிகரைத் தொலைக்காட்சி கவர்ந்துகொண்ட காலம் அது.

1974 செப்டெம்பரில் தமா ஆறு கரையுடைத்து, கொமாயே நகரில் 19 வீடுகளை அடித்துச் சென்றது. நாளேட்டுத் தொடராக வெளிவந்து 1977இல் தொலைக்காட்சி நாடகமான 'கரையோரத்து அல்பம்' இதனையே கருவாகக் கொண்டது. வணிக நிறுவன ஊழியரான தந்தை, தனிமையில் வாடும் தாய், தம்முள் மறைவுகள் கொண்ட பிள்ளைகள்: பொருளாதார வளர்ச்சி ஈட்டித்தந்த சொந்த வீட்டினுள்ளேயே மத்தியதர வர்க்கக் குடும்பமொன்று சிதைவதை யமடா தயவின்றிக் காட்டுகிறார். ஈற்றில் வீடு ஆற்றோடு போக, மிஞ்சுவது புகைப்பட அல்பங்களே. விளம்பரதாரரை நம்பி இயங்கும் ஊடகத்தில் இது எளிய சாதனையன்று.

எனினும், இந்நாடகத்தில் வெள்ளம் குடும்பத்தின் பொய்ம்மையை அம்பலமாக்கும் கருவியாகவே பெரிதும் அமைகிறது. கரை ஏன் உடைந்தது என்ற வினா அழுத்தம் பெறவில்லை. வீடிழந்தோர் அவ்வினாவையே நீதிமன்றில் எழுப்பினர். நீண்ட வழக்கின் பின், 1992இல் தோக்கியோ உயர் நீதிமன்றம் அரசின் பொறுப்பை ஏற்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

யமடாவின் பிற்காலப் பார்வை மேலும் அகமுகமாயிற்று. 1987இல் வெளியான 'அந்நியர்களுடன் ஒரு கோடை' நாவலில், மணமுறிவுற்ற தொலைக்காட்சி எழுத்தாளனொருவன் சிறுவயதில் இழந்த பெற்றோரை அசக்குசாவிற் சந்திக்கிறான். தந்தை சூஷி சமையல் தொழிலாளி. வசதிபெற்ற மகனுக்கு அன்பு கிட்டுவது உழைப்பாளர் வாழ்ந்த அப்பழைய தெருவில், அதுவும் இறந்தவரிடத்தில் மட்டுமே.