கூண்டுப் பாம்பு ஏன் பட்டினி கிடக்கிறது?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடத்துத் தொழிற்சாலைகள் வந்துவிடும். ஆயினும் இடையிலுள்ள ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் சாரைப்பாம்பு எலி வேட்டையாடிக்கொண்டுதான் இருக்கிறது. அதே பாம்பைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, அதே எலியை முன்னால் வையுங்கள். பல சமயங்களில் அது திரும்பியும் பாராது. வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஏன்?

பாம்பு தன் இரையைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறதல்லவா? அப்போது காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களைத் திரட்டுகிறது. மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பு அவற்றைச் சோதித்து, 'இது இரை' என்று மூளைக்குச் சொல்கிறது. அமெரிக்க அறிஞர் பர்கார்ட் 1967-இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. பிறந்தபின் ஒன்றுமே உண்ணாத பாம்புக்குட்டிகள், தம் இனத்துக்குரிய இரையின் சாற்றில் தோய்த்த பஞ்சைக் கண்டதும் பாய்ந்து கடித்தன! யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்த உண்மையை உயிரியல் பூங்காக்களில் பயன்படுத்துகிறார்கள். ராஜநாகத்தின் முக்கிய உணவு பிற பாம்புகளே. எலியை வைத்தால் தொடாது. ஆகவே செத்த எலியின்மேல் வேறொரு பாம்பின் மணத்தைத் தேய்த்துக் கொடுக்கிறார்கள். விழுங்கப் பழகியபின் மணத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள்.

மணம் சரியாக இருந்தும் தொடாவிட்டால்? கூண்டின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். பாம்பு தன் உடற்சூட்டை வெளியிலிருந்தே பெறுகிறது. உடல் குளிர்ந்திருந்தால் சீரணம் நடவாது; விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகும். உண்ண மறுப்பது அப்போது தற்காப்புதான். ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த பானைகூட இல்லாத கூண்டிலும் அச்சத்தால் உண்ணாது. சட்டை உரிக்குமுன் கண்கள் மங்கும் நாட்களில் பெரும்பாலும் இரை வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்புகள் பலவும் இப்படியே.

நல்ல உடல்நிலையிலுள்ள மலைப்பாம்பு மாதக்கணக்கில் உண்ணாமல் தாங்கும். குட்டி தாங்காது. எனவே அனுபவமுள்ளவர்கள் பாம்பை அவ்வப்போது எடை போடுகிறார்கள். எடை இறங்கினால் கால்நடை மருத்துவரை அழைப்பார்கள். வாயைப் பிளந்து இரையைத் திணிப்பது கடைசி வழி. பழகாத கை செய்தால் உணவுக்குழல் கிழிந்துவிடும். புற்றில் பால் வார்க்கிறோமே, அதுவும் பாம்புக்கு உணவன்று.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. நாக்கு வேலை செய்வதைப் பார்க்க விரும்பினால், ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய கிண்டி பாம்புப் பண்ணைக்குச் சென்று கண்ணாடி முன் சற்றுநேரம் அசையாமல் நின்று பாருங்கள்.