மனமறியும் கருவிகள்: வாங்குமுன் மாதிரி பார்ப்போம்

எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் மாதிரி பார்த்து, வேறு சரக்கோடு ஒப்பிட்ட பிறகே நாம் மூட்டைக்கு விலை பேசுகிறோம். தொட்டால் ஆறுதல் தரும் கருவி, முகம் பார்த்து மனத்தைச் சொல்லும் கருவி என்று இன்று விற்பனைக்கு வருபவற்றையும் அப்படியே பார்ப்பது நல்லது.

முதலில் தொடு கருவி. ஜப்பானிய ஆய்வாளர் தகனோரி ஷிபாதா 1993-இல் தொடங்கி உருவாக்கியது ‘பாரோ’. வெள்ளை ரோமமுள்ள கடல்நாய்க்குட்டி வடிவம். எடை மூன்று கிலோவுக்குள். தடவினால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். பூனை, நாய் வடிவில் செய்தால் மக்கள் உண்மைப் பிராணியோடு ஒப்பிட்டுக் குறை காண்பார்கள் என்பதால், அதிகம் பழகாத கடல்நாயைத் தேர்ந்தெடுத்தார். 2009-இல் அமெரிக்க அரசு இதை மருத்துவக் கருவியாக ஏற்றது. அங்கே விலை சுமார் 6,000 டாலர்.

இவ்வளவு விலை தகுமா? ஆஸ்திரேலியாவில் 28 முதியோர் இல்லங்களில், மறதி நோய் கண்ட 415 பேரிடம் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாரோ. ஒரு பிரிவினருக்கு இயக்கம் நிறுத்தப்பட்ட அதே பொம்மை. மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிடப் பாரோ பெற்றவர்களிடம் பதற்றம் குறைந்திருந்தது. ஆனால் வெறும் பொம்மையோடு ஒப்பிட்டால், முதியவர்களை ஈடுபாட்டோடு பேச, பார்க்க வைத்ததில்தான் பாரோ முந்தியது. மென்மையான ஒன்றைக் கையில் ஏந்துவதற்கே பலன் உண்டு என்று தெரிகிறது.

அடுத்து, உணர்ச்சியை அறியும் கருவி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியை ரோசலிண்ட் பிக்கார்ட் 1997-இல் இத்துறைக்கு அடிப்படை நூல் எழுதினார். தோலின் வியர்வை மாற்றத்தை அளக்கும் அவரது ஆய்வு வழியே வந்த கைப்பட்டை, வலிப்பு நோயாளிக்கு வலிப்பு வந்தால் உறவினரை எச்சரிக்கிறது. 2018-இல் அமெரிக்க அனுமதியும் பெற்றது. இது நல்ல சரக்கு.

முகத்தைப் படம்பிடித்து மனத்தைச் சொல்வது வேறு சங்கதி. முகக்குறி ஒன்றை வைத்து உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2019-இல் அறிஞர் ஐவர் ஆராய்ந்து எழுதினர். நமக்கும் இது புதிதல்ல. கடன் கேட்க வருபவர் சிரித்துக்கொண்டேதான் வருவார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்த வசதியைத் திரும்பப் பெறுவதாக 2022-இல் அறிவித்தது. வேலையிடத்திலும் பள்ளியிலும் இதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை விதித்துள்ளது. மருத்துவம், பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு.

ஆகவே, ‘பணியாளர் மனத்தைக் காட்டும் கேமரா’ என்று யாரேனும் கடைக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்போம். எதோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்? படம் யாரிடம் போய்ச் சேரும்? படம்பிடிக்கப்படுபவர் சம்மதித்தாரா? பதில் சரியாக வராவிட்டால் வாங்க வேண்டாம். பையன் முகம் வாடியிருந்தால் அருகில் கூப்பிட்டு, சாப்பிட்டானா என்று நாமே கேட்டுவிடலாம்.