கப்பல் காத்திராது

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மக்களுக்குக் கடல் தொலைவு. பருத்தி விதைக்கும் பருவம் எது, கொள்ளிடத்தில் தண்ணீர் வரும் காலம் எது என்பதை நாம் அறிவோம். ஆனால் கப்பல் எப்போது கதவடைக்கும் என்பதை அறியோம். இந்த அறியாமையால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த மனத்துயரில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

எமது பங்கைச் சேர்ந்த முதிய தம்பதியர் தங்கள் திருமணப் பொன்விழாவைக் கொண்டாடினர். வெளிநாட்டில் பணிபுரியும் மகன், சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலொன்றில் பெற்றோருக்கு இடம் பதிவு செய்திருந்தார். மாலை நான்கு மணிக்குக் கப்பல் புறப்படும் என்று சீட்டில் கண்டிருந்தது. "காலையில் பூசை கண்டுவிட்டே போங்கள், ஐந்து மணி நேரத்தில் சென்னையை அடைந்துவிடலாம்" என்று சொன்னவன் நானே.

திருப்பலி முடிந்தது. உறவினர் மாலை அணிவித்தனர். சிற்றுண்டியும் புகைப்படமும் முடிந்து கார் நகர்ந்தபோது மணி ஒன்பதரை. செங்கற்பட்டு அருகே லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. துறைமுக வாயிலை அவர்கள் அடைந்தபோது மணி மூன்றேகால். கப்பல் கண்ணெதிரே நின்றது. ஆனால் பயணிகளை ஏற்றும் பணி இரண்டரை மணிக்கே முடிந்துவிட்டிருந்தது. மன்றாடியும் பயனில்லை. செலுத்திய பணமும் திரும்பவில்லை. அந்த அம்மாள் பெட்டியின் மேல் அமர்ந்து அழுதாராம். பின்னர் சாந்தோம் ஆலயம் சென்று செபித்துவிட்டு, இரவோடு இரவாக ஊர் திரும்பினர்.

மறுநாள் பெரியவர் என்னிடம் வந்தார். "சாமி, கண்ணுக்கு எட்டிய கப்பல் காலுக்கு எட்டவில்லை" என்றார். என்னை அவர் குறை கூறவில்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது.

குறித்த நேரம் எது?

சீட்டில் உள்ள நேரம் கப்பல் கரையை விட்டு நீங்கும் நேரமே அன்றி, நாம் போய்ச் சேரவேண்டிய நேரம் அன்று. உல்லாசக் கப்பல்களில் பொதுவாக, புறப்படுவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பே பயணிகள் பதிவை முடித்துவிடுவர். அடையாளச் சான்றுகளைச் சரிபார்க்க வேண்டும். பெட்டிகளைச் சோதிக்க வேண்டும். அயல்நாட்டுப் பயணமாயின் குடியேற்ற அதிகாரிகளின் முத்திரை வேண்டும். ஏறியவர்களின் பட்டியலை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும். கப்பலை வெளியே நடத்திச் செல்லும் துறைமுக வழிகாட்டியும் இழுவைப் படகுகளும் முன்னரே குறித்த நேரத்தில் வந்துவிடுவர். ஆயிரம் பேர் அமர்ந்திருக்கும் கப்பலை இருவருக்காக நிறுத்திவைக்க இயலாது.

மற்றொரு காரணமும் உண்டு. 2012 சனவரி 13 அன்று இத்தாலியக் கடலில் கோஸ்டா கான்கோர்டியா என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் மாண்டனர். அன்று மாலை ஏறிய பல பயணிகளுக்கு, ஆபத்தில் எங்கே கூடவேண்டும் என்ற பயிற்சி அதுவரை அளிக்கப்படவில்லை. பயணம் தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அப்பயிற்சியை அளித்தால் போதும் என்பதே அக்காலத்து விதி. இப்போதோ புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனே அளித்தாக வேண்டும். இவ்விதி 2015 முதல் நடப்பில் உள்ளது.

முன்னோர் காத்திருந்தனர்

நம் பாட்டன்மார் கப்பலுக்காகப் பல நாட்கள் காத்திருந்தவர்கள். மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, மருத்துவச் சோதனை முடிந்த பின்னரே கப்பலேறினர். நாகையில் ரஜூலா கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் சென்றே ஏறவேண்டும்.

அதற்கும் முன்னர், காற்றுக்காகக் கப்பலே காத்திருந்தது. 1541 ஏப்ரலில் லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட புனித சவேரியார், காற்றின் பருவம் தப்பியதால் மொசாம்பிக்கில் பல மாதங்கள் தங்கி, 1542 மே மாதமே கோவா சேர்ந்தார். அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. அங்கிருந்த நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். நம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் புகழ் பரப்பிய வீரமாமுனிவரும் அதே நெடிய கடல்வழியில் வந்தவரே.

நம் ஊர்க் கணக்கு

அரியலூரிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ சென்னை ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பெரம்பலூருக்கு இரயில் இல்லை, சாலையே கதி. தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. துறைமுகமோ அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், நகரின் மறுகோடியில் உள்ளது. அரியலூரில் இரயிலேறுவோர் தாம்பரத்தில் இறங்கி, மின்சார இரயிலில் கடற்கரை நிலையம் சென்றால் துறைமுகம் அருகிலேயே இருக்கும்.

ஆகவே என் துணிபு இதுவே: முதல் நாளே சென்னை சேர்ந்து, இரவு தங்குங்கள். கப்பல் நிறுவனம் குறித்துத் தரும் நேரத்தில், கடைசி மணியில் அன்றி முதல் மணியில், வாயிலில் நில்லுங்கள். ஓர் இரவுத் தங்கும் செலவு, இழந்த பயணத்தின் செலவில் மிகச் சிறு பங்கே.

இன்னும் இரண்டு சொற்கள். நம்மவருள் பலருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் வேறொன்று. சீட்டிலுள்ள பெயரும் பாஸ்போர்ட் அல்லது ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று வீட்டிலேயே பாருங்கள். முதியோரின் மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். ஒப்படைத்த பெட்டி அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம்.

கதவு அடைபடுமுன்

அத்தம்பதியரின் கதை அங்கே முடியவில்லை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்றுபோன கப்பல் 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் இது நிறுத்தப்படுவதும் உண்டு. விசாரித்தே கிளம்ப வேண்டும். மடு மாதாவைத் தரிசிக்க இருவரும் அதில் சென்றனர். இம்முறை நாளைக் குறித்தவர் அந்த அம்மாளே. முதல் நாளே வேளாங்கண்ணி சேர்ந்து, அன்னையின் திருமுன் மாலைச் செபம் முடித்து, விடியுமுன் நாகைத் துறைமுகத்தில் நின்றனர். "இந்தத் தடவை வழியனுப்புப் பூசை வேண்டாம் சாமி, வந்து நன்றிப் பூசை வைத்துக்கொள்கிறோம்" என்று அவர் சொன்னபோது, நான் தலைகுனிந்து சிரித்தேன்.

பத்துக் கன்னியர் உவமையைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். அடைபட்ட கதவின் முன் நின்றவர்களின் முகத்தை அந்தப் பெரியவரிடமே கண்டேன்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நள்ளிரவில் என் கதவைத் தட்டி, "சாமி, அப்பாவுக்கு நோயில்பூசுதல் கொடுக்க வாருங்கள்" என்று அழைக்கிறீர்கள். விரைந்து வருகிறேன். பல வீடுகளில் நான் நுழையும்போது நோயாளி பேச்சிழந்திருக்கிறார். சில வீடுகளில் மூச்சும் அடங்கிவிட்டது. "சாமியாரை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார்" என்று நாளைக் கடத்தியிருக்கிறீர்கள். அவர் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பியிருக்கலாம். நற்கருணை வாங்க ஏங்கியிருக்கலாம். இந்த அருட்சாதனம் சாவோருக்கு மட்டும் உரியதன்று. நோயுற்றோருக்கும் முதுமையால் தளர்ந்தோருக்கும் உரியது. அவர் அறிவு தெளிந்து, உங்கள் கையைப் பற்றிப் பேசும்போதே என்னை அழையுங்கள்.

கப்பலுக்காவது சீட்டில் நேரம் குறித்திருக்கிறது. அந்தப் பயணத்துக்கு அதுவும் இல்லை.