இரண்டு பேரப்பிள்ளைகள், இரண்டு மொழிகள்



ஐம்பத்தாறு வயதில் ஒருத்தி கொப்பியும் பென்சிலுமாக இருந்து இரண்டு அந்நிய மொழிகளைப் படித்தால் அயலில் சிரிக்கத்தான் செய்வார்கள். என்னையும் பார்த்துச் சிரித்தார்கள். ஆனாலும் எனக்கு ஒரு காரணம் இருந்தது.

2009இல் யுத்தத்தில் கணவரை இழந்தேன். செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பி, ஒரு தையல் மெசினை நம்பி மகளையும் மகனையும் ஆளாக்கினேன். இன்று மகள் ஜேர்மனியில், மகன் பிரான்சில். ஜேர்மனியில் பிறந்த பேத்திக்கு நான் அம்மம்மா. பிரான்சில் பிறந்த பேரனுக்கு அப்பம்மா. அந்த ஒரு சொல்லைத் தவிர எங்களுக்கிடையில் வேறு பேச்சு இருக்கவில்லை. தொலைபேசியில் முகம் பார்ப்போம், சிரிப்போம், பிறகு பிள்ளை விளையாட ஓடிவிடும். யுத்தம் விட்டுவைத்த உறவும் இப்படியே கைநழுவிப் போகுமோ என்று பயந்தேன்.

மகளின் பழைய டொச் புத்தகங்கள் அலுமாரியில் கிடந்தன. ஜேர்மனியில் உள்ள கணவரிடம் போகிறவர்கள் ஆரம்பநிலை மொழியறிவைக் காட்டவேண்டும் என்ற விதி 2007 முதல் பொதுவாக உள்ளது. அதற்காக அவள் படித்தவை அவை. அவற்றோடு பிரெஞ்சையும் சேர்த்து ஒரே நாளில் தொடங்கினேன். அதுதான் நான் விட்ட பிழை.

டொச்சில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். பிரெஞ்சில் நேர்மாறு. டொச்சில் இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்பார்கள். பிரெஞ்சில் எண்பது என்பது ‘நான்கு இருபது’. ஒரு கிழமையில் எல்லாம் தலைக்குள் கலந்து போயின. பிரெஞ்சை மூடிவைத்து, மூன்று மாதம் டொச்சை மட்டும் படித்தேன். அது கொஞ்சம் ஊன்றிய பிறகே மற்றதை எடுத்தேன்.

பிறகு இரண்டுக்கும் இடத்தையும் நேரத்தையும் பிரித்தேன். காலையில் அடுப்படியில் டொச், சிவப்புக் கொப்பி. பின்னேரம் தையல் மெசினடியில் பிரெஞ்சு, நீலக் கொப்பி. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். டொய்ச்ச வெல்ல நிறுவனத்தின் டொச் பாடங்களும் டிவி5 மொண்ட் தொலைக்காட்சியின் பிரெஞ்சுப் பாடங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர்ச்சொல்லைத் தனியே படிக்காமல், அதன் பாலைக் காட்டும் முன்சொல்லோடு சேர்த்தே மனனம் செய்தேன்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைத்தால் ஏமாந்து போவோம். நமது ‘ப’ ஒன்றுதான், அவர்களுக்கு இரண்டு. பிரெஞ்சில் அழுத்திச் சொன்னால் பாண், மென்மையாகச் சொன்னால் குளிப்பு! ஆகவே முதலில் காதால் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.

நமக்குக் கைகொடுப்பவையும் உண்டு. போர்த்துக்கேயர் விட்டுப்போன பாண், குசினி, அலுமாரி ஆகிய சொற்களுக்குப் பிரெஞ்சில் உறவுச் சொற்கள் இருக்கின்றன. டொச்சில் ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் வாக்கியத்தில், தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும்.

ஒருநாள் பேத்திக்குச் சட்டை தைத்துவிட்டு, “உனக்கு ஒரு கிப்ட் வைத்திருக்கிறேன்” என்று டொச்சில் சொன்னேன். பிள்ளை திகைத்துப் போனாள். டொச்சில் அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்று பொருளாம்! மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பரிசுக்கான சரியான சொல்லைப் பேத்தியே எனக்குப் படிப்பித்தாள். நாங்கள் இருவரும் அதிக நேரம் கதைத்தது அன்றுதான்.

போன தைப்பொங்கலுக்கு இரண்டு குடும்பமும் ஒரே அழைப்பில் வந்தன. அவள் சொல்வது அவனுக்கு விளங்கவில்லை, அவன் சொல்வது அவளுக்கு விளங்கவில்லை. பிழையும் சரியுமாக நான்தான் நடுவில் நின்று சொல்லிக் கொடுத்தேன். பானையைக் காட்டி, “இதற்குத் தமிழில் என்ன?” என்று இருவரும் கேட்டார்கள். “பொங்கல்” என்றேன். இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

இப்போது ஒவ்வொரு அழைப்பிலும் அவர்களிடம் ஒரு சொல் வாங்கி, ஒரு தமிழ்ச் சொல் கொடுக்கிறேன். சகோதரிகளே, உங்கள் பேரப்பிள்ளைகளும் தூரத்தில் இருந்தால், “சாப்பிட்டாயா?” என்பதை அவர்கள் மொழியில் கேட்கப் பழகுங்கள். அதிலிருந்து தொடங்கலாம்.