ஜெனீவாவில் சம்பளமில்லாத ஒரு வேலைநாள்

ஜெனீவா நகரின் நாடுகள் சதுக்கத்தை எம்மவர்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கால் முறிந்த அந்தப் பாரிய மரநாற்காலியின் கீழ் மழையிலும் குளிரிலும் பதாகை தாங்கி நின்றவர்கள் எம்மிற் பலர். கொடிகள் அணிவகுத்த ஐ.நா. வாயிலை வெளியே நின்றே பார்த்துப் பழகியவர்கள் நாம். அவ்வாயிலினூடாகக் கழுத்தில் அடையாள அட்டையுடன் நாள்தோறும் உள்ளே செல்லும் இளைஞர் கூட்டமொன்றைப் பற்றி நாம் அதிகம் அறிந்ததில்லை. அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அல்லது பட்டம் பெற்று ஓராண்டு கடவாதவர்கள். உள்ளகப் பயிற்சியாளர் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர்.

புலம்பெயர்ந்த மண்ணில் வளர்ந்த எமது பிள்ளைகள் இன்று சட்டமும் அரசறிவியலும் பொதுச்சுகாதாரமும் கற்கின்றனர். "அம்மா, எனக்கு ஜெனீவாவில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் சம்பளம் இல்லை" என்று ஒரு மகள் வந்து கூறும்போது, பெற்றோர் பெருமைப்படுவதா, கலங்குவதா என்று அறியாது நிற்கின்றனர். அந்த வேலைநாள் எப்படிப்பட்டது என்பதை அறிந்தால் முடிவெடுப்பது எளிதாகும்.

காலை: குறிப்பெடுக்கும் கை

நகரின் நடுவிலிருந்து 15ஆம் இலக்க ட்ராம் வண்டி பயிற்சியாளர்களை நாடுகள் சதுக்கத்தில் இறக்கிவிடுகிறது. வாடகை தாங்காதவர்கள் எல்லைக்கு அப்பால், பிரான்சின் ஃபெர்னே வோல்த்தேரிலோ அன்மாசிலோ அறையெடுத்து, விடியற்காலையிற் புறப்பட்டு வருகின்றனர். தஞ்சக் கோரிக்கை இன்னும் முடிவாகாத வீட்டுப் பிள்ளைக்கு எல்லை தாண்டிக் குடியிருக்கும் இந்த வழியும் அடைபட்டது.

மனித உரிமைகள் பேரவை ஆண்டுக்கு மூன்று தடவை, மொத்தம் பத்து வாரங்களுக்குக் குறையாமற் கூடுகிறது. அக்காலத்திற் பயிற்சியாளருக்கு ஓய்வில்லை. ஸ்பானிய ஓவியர் மிக்கேல் பார்செலோ உருவாக்கி 2008இல் திறந்துவைக்கப்பட்ட, குகையை ஒத்த வண்ண விதானத்தின் கீழ் அமர்ந்து, நாடுகளின் பேச்சுகளைக் குறிப்பெடுத்து, மாலைக்குள் சுருக்கி எழுதிக் கொடுக்கவேண்டும். அரசுசாரா அமைப்பொன்றிற் பணிபுரிபவராயின், அவ்வமைப்புக்குக் கிடைக்கும் ஒன்றரை நிமிடத்துக்கான உரையைப் பலமுறை வெட்டித் திருத்தவேண்டும். எம் மக்களின் துயரம் அம்மன்றிற் பேசப்படும்போதும், அதைத் தாளில் வடித்தவர் பெரும்பாலும் இத்தகைய ஓர் இளைஞரே.

நண்பகல்: கட்டிவந்த சோறு

மாளிகையின் சிற்றுண்டிச்சாலையிலிருந்து பார்த்தால் ஏரியும், வானம் தெளிந்திருந்தால் மொன் பிளான் மலையும் தெரியும். காட்சிக்கு விலையில்லை, உணவுக்கு உண்டு. ஆகவே அனுபவப்பட்டவர்கள் வீட்டிலிருந்து பெட்டியில் உணவு கட்டி வருகின்றனர். கூட்டத்தொடர்க் காலத்தில் அமைப்புகள் நடாத்தும் பக்கக் கருத்தரங்குகளில் இலவசமாக வைக்கப்படும் சாண்ட்விச்சும் மற்றொரு வழி. எங்கு, எத்தனை மணிக்கு உணவு வைக்கப்படும் என்ற செய்தி பயிற்சியாளரிடையே வாய்வழியாகப் பரவிவிடும்.

இரவு: கேளிக்கையும் தேடலும்

மாலை ஆறு மணிக்குப் பின்னர் ஜெனீவா வேறு முகம் காட்டுகிறது. ஏரிக்குள் நீண்டு செல்லும் அணைக்கட்டில், 1932இல் அமைக்கப்பட்ட பாக்கி நீராடுதுறை அமைந்துள்ளது. கோடையில் நீச்சலும் குளிர்காலத்தில் உருகிய பாற்கட்டியில் பாண் தோய்த்துண்ணும் ஃபொண்டுவும் அங்கு பிரசித்தம். செல்வந்தரும் மாணவரும் ஒரே மேசையில் அமரும் இடம் அது. அதன் பின்னாலுள்ள பாக்கித் தெருக்களில் உலகின் பல நாட்டுச் சமையலும் மணக்கும். ரோன் ஆற்றங்கரையில், முன்னர் பொன் சுத்திகரித்த தொழிற்சாலைக் கட்டடமொன்று, இப்போது உசின் என்னும் பெயரில் விடியும்வரை இசையொலிக்கும் கூடமாக விளங்குகிறது.

எமது பெற்றோர் இதனை வீண் ஊர்சுற்றல் என்று கருதக்கூடும். அது முழு உண்மையன்று. எந்தப் பிரிவில் இடம் வெறிதாகிறது, எந்த அதிகாரி மூன்றுமாத ஒப்பந்தத்துக்கு ஆள் தேடுகிறார் என்ற பேச்சுகள் அலுவலகத்தைவிட அந்த மேசைகளிலேயே அதிகம் புழங்குகின்றன. கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்து ஓடுபவரும், வாடகைக்காக மாலையில் வேறு வேலைக்குச் செல்பவரும் அப்பேச்சைக் கேட்பதில்லை. வசதியற்ற வீட்டுப் பிள்ளை பகலிற் சமமாக உழைத்தும் இரவிற் பின்தங்கிவிடுகிறது.

கூடாரத்தில் ஒரு மாணவர்

2015 ஓகஸ்ட் மாதம், டேவிட் ஹைட் என்ற 22 வயது நியூசிலாந்து இளைஞர், ஐ.நா. பயிற்சிக்கென வந்து ஏரிக்கரையில் கூடாரமடித்து வாழ்ந்த செய்தி உலகெங்கும் பரவியது. அவர் பயிற்சியிலிருந்து விலகினார். இந்நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் நோக்கத்துடனேயே கூடாரமடித்ததாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். அதனால் அவர் எழுப்பிய கேள்வி பொய்த்துவிடவில்லை. ஐ.நா. செயலகத்தின் 2020ஆம் ஆண்டு விதியும் முன்னைய நிலையையே உறுதிசெய்தது: பயிற்சி இரண்டு முதல் ஆறு மாதம், ஊதியம் இல்லை, பயணம், விசா, உறைவிடம், உணவு யாவும் பயிற்சியாளரின் பொறுப்பு.

அதே 2020 செப்டெம்பர் 27இல், ஜெனீவா மாநில வாக்காளர்கள் மணிக்கு 23 பிராங் என்னும் அடிப்படைச் சம்பளத்தை அங்கீகரித்தனர். உணவகத்திற் கோப்பை கழுவும் எம் தகப்பனை அச்சட்டம் காத்தது. மாளிகைக்குள் அறிக்கை எழுதும் மகளை அது எட்டவில்லை. மனித சமத்துவத்தைப் பேசுவதற்கென எழுப்பப்பட்ட மாளிகையில், பெற்றோரின் பணப்பை கனமானவர்களே நுழைவதெனில், நாளை எம் போன்றோரின் கதையை அங்கு யார் எழுதுவர்?

பெற்றோர் கேட்கவேண்டியவை

எல்லா அமைப்பும் ஒன்றல்ல. சர்வதேசத் தொழில் அமைப்பு பயிற்சியாளருக்குக் கொடுப்பனவு வழங்கி வந்துள்ளது. உலக சுகாதார அமைப்பு, 2018இல் உலக சுகாதாரப் பேரவை எடுத்த முடிவையடுத்து, 2020இலிருந்து வழங்கத் தொடங்கியது. எனவே விண்ணப்பிக்கும்போதே கொடுப்பனவு உண்டா என எழுத்திற் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, படிக்கும் நாட்டின் உதவித்தொகை. ஜேர்மனியில் கார்லோ ஷ்மிட் திட்டம் சர்வதேச அமைப்புகளிற் பயிற்சி பெறுவோருக்கெனவே அமைந்தது. பிரான்சில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குச் சட்டப்படி கொடுப்பனவு உண்டு. ஆயினும் வெளிநாட்டு அமைப்பை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. பல்கலைக்கழக அலுவலகத்தின் கதவைத் தட்டாமல் நகையை அடகுவைக்க வேண்டாம்.

மூன்றாவது, பயிற்சிக்குப் பின் வேலை நிச்சயம் என்ற எண்ணத்தை விடவேண்டும். 2025இல் ஏற்பட்ட நிதி நெருக்கடியால் ஜெனீவா அமைப்புகள் பல, இருந்த ஊழியரையே குறைத்தன. ஆறு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதப் பயிற்சியைத் தெரிவதில் இழுக்கில்லை.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் பிள்ளை செல்லவே விரும்பினால், அனுப்பும் குடும்பம் ஒன்றை மனதிற் கொள்ளட்டும். தொலைபேசியில் "நேற்றிரவு நண்பர்களுடன் ஏரிக்கரைக்குப் போனேன்" என்று கூறும் பிள்ளையைக் கடிந்துகொள்ள முன்னர், "மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.