பட்டு நூலும் பட்ட ஒளியும்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சீனப் பட்டுத் தொங்கல் ஒன்று இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 2.4 மீட்டர். 8ஆம் நூற்றாண்டில், தாங் அரசர்கள் காலத்தில் தைத்தது. கிருத்ரகூட மலையில் புத்தர் உபதேசிக்கும் காட்சி. காலடியில் தொங்கலைச் செய்வித்த குடும்பத்தார், ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம். சிவந்த ஆடை, தாமரைப் பீடம், முகம் எல்லாமே ஊசி வேலை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்தும் அது மினுங்குகிறது. சாயம் மட்டும் இந்த மினுக்கைத் தந்துவிடாது. இழையின் வடிவத்துக்கும் அதில் பங்குண்டு.

பட்டுப்புழு உமிழும் இழையின் உள்ளே இருப்பது ஃபைப்ராயின் என்ற புரதம். அதன்மேல் செரிசின் என்ற பசை பூசியிருக்கும். காரம் கலந்த வெந்நீரில் வேகவைத்தால் பசை கரைந்து, எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். மிஞ்சும் இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், மூலை மழுங்கிய முக்கோணமாகத் தெரியும். அதன் வழவழப்பான பக்கங்களில் பட்ட ஒளி சிதறாமல் தெறிக்கிறது. பருத்தி நாரோ தட்டையாகி முறுக்கிக்கொண்டு கிடப்பதால் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கிறது.

சீனத்து ஊசிக்காரர்கள் பட்டின் இந்தத் தெறிப்பை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். தாங் காலத்துத் தொங்கலில் ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் நூலைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. அதனால் நூல் வளைவு வளைவாக உருவத்தின் போக்கிலேயே ஓடுகிறது. பின்னர் முறுக்கில்லாத நூலைப் பூவிதழின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நெருக்கமாகப் படுக்கவைக்கும் தையல் பரவியது. எண்ணெய் தேய்த்து வாரிய தலையில் வகிட்டின் இருபுறமும் பளபளப்பு மாறுமல்லவா, அதே கதைதான் இங்கேயும். ஒரே நீல நூல். ஓர் இதழில் நெடுக்காக, அடுத்ததில் குறுக்காக. பார்ப்பவருக்கு இரண்டு நீலம்.

தங்கத்துக்கு வேறு வழி. நம் ஜரிகை போல உலோகத்தைச் சுற்றாமல், தங்க ரேக்கு ஒட்டிய காகிதத்தை மெல்லிய கீற்றாக வெட்டிப் பட்டு நூல்மேல் சுற்றினார்கள். அதை ஊசியில் கோத்து இழுத்தால் காகிதம் கிழியும். ஆகவே துணியின் மேலேயே கிடத்தி, சன்னமான பட்டு நூலால் இடைவெளி விட்டுக் கட்டினார்கள். கட்டும் நூல் சிவப்பென்றால் தங்கமும் செம்மை காட்டும். சிங் வம்சத்துச் சக்கரவர்த்தியின் அங்கிகள் சிலவற்றில் இப்படித் தங்க நூலால் ஆன ஒன்பது டிராகன்கள். ஒன்பதாவது, மார்பின் குறுக்கே மடிந்து வரும் துணிக்கு அடியில் மறைந்திருக்கும்.

அரண்மனையும் வழிபாடும் ஒரே துணியில் சந்தித்ததும் உண்டு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மிங் சக்கரவர்த்தி யோங்லெ, திபெத்திய லாமாக்களுக்குப் பட்டுத் தையல் படங்களைப் பரிசளித்தார். அவர் பெயர் பொறித்த, ரக்தயமாரி என்ற தேவதையின் படம் 3.3 மீட்டருக்கு மேல் உயரம். 2014இல் ஹாங்காங் ஏலத்தில் அது 34.8 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. இப்படிப்பட்ட படத்தின் முன் வெண்ணெய் விளக்கேற்றினால், சுடர் அசைய அசைய ஒளி தெறிக்கும் இடமும் மாறும். தேவதையின் தசை அசைவதாகவே தோன்றும்.

ஆனால் பட்டுக்கு அழகு தரும் ஒளியே அதற்கு எமனும் ஆகிறது. புற ஊதாக் கதிர் ஃபைப்ராயின் சங்கிலிகளை அறுக்கிறது, சாயமும் வெளுக்கிறது. இரும்பு உப்பு சேர்த்துக் கறுப்பேற்றிய நூல் மற்ற நிறங்களுக்கு முன்பே பொடிந்து உதிர்வதும் உண்டு. தாங் தொங்கல் பிழைத்ததற்குக் காரணம் இருட்டு. வடமேற்குச் சீனாவில், பாலைவன ஓரத்து டுன்ஹுவாங் குகை ஒன்றில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரெழுப்பி அடைத்த அறைக்குள் அது மடித்துக் கிடந்தது. வாங் யுவான்லு என்ற தாவோ துறவி 1900இல் அறையைக் கண்டுபிடித்தார். 1907இல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் தொங்கலை வாங்கிக்கொண்டு போனார். வறண்ட காற்று துணியைக் காத்தது. மடிப்பு விழுந்த இடத்திலிருந்த இரண்டு சீடர்களின் உருவம்தான் பெரும்பாலும் போய்விட்டது.

அதனால்தான் மியூசியங்கள் இத்தகைய பட்டுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே தருகின்றன. சில மாதம் காட்டிவிட்டு மறுபடி இருட்டறையில் வைத்துவிடுகின்றன. அந்த மங்கலில் பார்க்க வாய்த்தால் ஒரே இடத்தில் நிற்கவேண்டாம். இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் இரண்டடி நகர்ந்தால் போதும்: ஊசிக்காரர் எந்த இடத்தில் நூலைத் திருப்பினார் என்பது தெரிந்துவிடும். இதை எந்தப் புகைப்படமும் காட்டாது.