பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கவுதாரி வேட்டை

கவுதாரி என்பது கோழி, காடை, மயில், வான்கோழி ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த தரைவாழ் பறவை ஆகும். இதன் அறிவியல் பெயரான ஓர்டிகோர்னிஸ் பாண்டிசெரியானஸ், புதுச்சேரியின் பெயரிலிருந்து வந்தது. தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரி நிலங்களிலும் முட்புதர்க் காடுகளிலும் வாழ்கிறது. இறைச்சிக்காக நெடுங்காலமாக வேட்டையாடப்பட்டு வந்த இப்பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் வளர்ப்பதும் இன்று தண்டனைக்குரிய குற்றங்கள்.

வாழிடமும் இயல்பும்

கவுதாரி ஏறத்தாழ 30 செ.மீ. நீளம் உடையது. சாம்பல் கலந்த பழுப்பு உடலில் மெல்லிய வரிகள் காணப்படும். ஆபத்து நேர்ந்தால் பெரும்பாலும் பறக்காமல் புதருக்குள் ஓடி மறையும். இரவில் தாழ்வான முள்மரங்களில் அடையும். விதைகள், தானியங்கள், கறையான், வண்டு ஆகியவற்றை உண்ணும். தரையில் சிறு குழி பறித்து முட்டையிடுவதால் நாய், கீரி, மனிதர் ஆகிய எல்லோருக்கும் இதன் கூடு எளிதில் எட்டும்.

வேட்டை முறைகள்

கண்ணி வைத்தல், வலை விரித்தல், நாய்களைக் கொண்டு விரட்டுதல், நாட்டுத் துப்பாக்கியால் சுடுதல் ஆகியவை பழைய முறைகள். பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கத்த விடுவதும் உண்டு. தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதாக எண்ணிச் சண்டைக்கு வரும் காட்டுக் கவுதாரி, கூண்டைச் சுற்றியுள்ள கண்ணியில் சிக்கிக்கொள்ளும். இனப்பெருக்கக் காலத்தில் இவ்வாறு பிடிக்கும்போது அடைகாக்கும் இணைகள் பிரிகின்றன.

சட்டத்தின் வளர்ச்சி

பிரித்தானியர் காலத்தில் வேட்டை முழுமையாகத் தடுக்கப்படவில்லை. 1879 ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டமும், 1912 ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் குறிப்பிட்ட பருவங்களில் மட்டும் வேட்டையைத் தடை செய்தன. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 இயற்றப்பட்டபோதும் சிறு விலங்குகளையும் பறவைகளையும் உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களை ஒழித்தது.

2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைக்கப்பட்டன. புதிய அட்டவணைகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கவுதாரி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. இதை வேட்டையாடினால் 3 ஆண்டுகள் வரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் சிறைத்தண்டனை குறைந்தது 3 ஆண்டுகள். 7 ஆண்டுகள் வரை நீளலாம்.

"வேட்டை" என்ற சொல்லுக்குச் சட்டம் விரிவான பொருள் தருகிறது. கொல்வதுடன், கண்ணி வைப்பதும் பிடிக்க முயல்வதும் நஞ்சிடுவதும் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டையே. பட்டா நிலம், புறம்போக்கு, ஏரிக்கரை என எங்கு நடந்தாலும் சட்டம் பொருந்தும். கடைகளில் விற்கப்படும் பண்ணைக் காடை, வளர்ப்பினமான ஜப்பானியக் காடை ஆகும். அதைக் காட்டி காட்டுக் காடையையோ கவுதாரியையோ விற்க முடியாது.

வாழிட இழப்பு

வேட்டை மட்டுமே அச்சுறுத்தல் அன்று. மாநிலத்தில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. 2018 ஆம் ஆண்டில் படைப்புழுத் தாக்குதல் தொடங்கியபின் மக்காச்சோளத்துக்குப் பூச்சிக்கொல்லி தெளிப்பது தேவையாயிற்று. கவுதாரிக் குஞ்சுகள் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் பூச்சிகளையே உண்பதால், பூச்சி குறைந்தால் அவற்றின் உணவும் குறையும். அரியலூரில் சிமெண்டு ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் புதர் நிலங்களை எடுத்துக்கொண்டன. மயிலுக்கோ எலிக்கோ வைக்கப்படும் நஞ்சு கலந்த தானியம் கவுதாரியையும் கொல்லும்.

இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 ஆம் ஆண்டு அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்துள்ளதாகக் கூறுகிறது. புல்வெளி, திறந்தவெளிப் பறவைகள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். முற்காலத்தில் தமிழ்நாட்டிலும் காணப்பட்ட கானமயில், வேட்டையாலும் வாழிட இழப்பாலும் இங்கிருந்து மறைந்துவிட்டது. கவுதாரி உலக அளவில் இன்னும் "தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்" என்ற நிலையில்தான் உள்ளது.

வாழ்வாதாரச் சிக்கல்

பறவை வேட்டையை மரபுத் தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவர் சமூகத்தினர் பெரம்பலூர் மாவட்டத்திலும் வாழ்கின்றனர். வேட்டைத் தடைக்குப்பின் பலர் பாசிமணி, ஊசி விற்பனைக்கு மாறினர். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பொழுதுபோக்குக்காகவும் விற்பனைக்காகவும் வேட்டையாடும் பிறரும் உள்ள நிலையில், இச்சமூகத்தின் மீது மட்டும் பழி சுமத்துவது பொருந்தாது.

ஒப்பீடும் பாதுகாப்பும்

வட அமெரிக்கக் காட்டு வான்கோழி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்பில் இருந்தது. அங்கு வேட்டைக்குப் பருவமும் எண்ணிக்கை வரம்பும் விதிக்கப்பட்டன. 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி காட்டுயிர் மீட்புக்குச் செலவிடப்பட்டது. பறவைகள் பிடித்து வேறிடங்களில் விடப்பட்டதால் அவை மீண்டும் பெருகின. இந்தியா தேர்ந்தெடுத்தது முழுத் தடை.

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024 ஆம் ஆண்டில் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. நீர்ப்பறவைகளுக்கு அத்தகைய காப்பிடம் உண்டு. கவுதாரியோ பெரும்பாலும் காப்புக்காடுகளுக்கு வெளியே வாழ்கிறது. அதனால் வனத்துறையின் ரோந்து மட்டும் போதாது. வரப்போரப் புதர்களை விட்டுவைத்தல், மேய்ச்சல் புறம்போக்கைக் காத்தல், நஞ்சுத் தானியத்தைத் தவிர்த்தல் ஆகியவை உழவர் கையில் உள்ள பாதுகாப்பு முறைகளாகும்.